அகிலாவுக்கு வந்தது

மணிமுத்துவின் மகள் மேல் இசக்கியம்மன் இறங்கியிருக்கிறாள் என்று மேலகரத்தில் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னவள் அவனுடைய அக்காள் ஆவுடைத்தாய்தான். கொடைத் திருவிழாவுக்கு முந்தின வாரம், கால்நாட்டு அன்றைக்குச் சொன்னாள். வாய்க்கால்கரை இசக்கியம்மன் கோயில் முன்னால் பந்தக்காலை நட்டு, மாவிலை கட்டிவிட்டு, சாரல் தூற்றலில் எல்லோரும் பாதி நனைந்து நின்றுகொண்டிருந்தோம். பம்பைக்கார ஆறுமுகநயினார், தோல் ஈரத்தில் தொய்ந்துவிட்டதா என்று பார்க்க லேசாகத் தட்டினார். அந்தத் தட்டில், முன்னால் நின்ற பத்து வயது அகிலாவின் இடது தோள் வெடுக்கென்று மேலே போனது. கழுத்து ஒரு பக்கமாக வெட்டியது. தொண்டையிலிருந்து "ஹும்" என்று ஒரு சத்தம். அவர் மறுபடி தட்டினார். மறுபடி தோள், மறுபடி "ஹும்".

"ஏ தாயீ!" ஆவுடைத்தாய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். "எங்கய்யா போன பெறவு எங்க வீட்டு வாசல எட்டிப் பாக்காமலே இருந்தியே... இப்பம் இந்தப் பச்சப்புள்ள மேலயா வந்து நிக்கே!"

அவள் அய்யா என்று சொன்ன தகப்பனார் நல்லக்கண்ணு அந்தக் கோயிலின் கோமரத்தாடி. அம்மன் அவர் மேல்தான் வந்து ஆடும், அவர் வாயால்தான் குறி சொல்லும். அவர் செத்த பிறகு அந்த வீட்டில் யாருக்கும் சாமி வரவில்லை. கொடையில் முதல் மாலை வாங்குகிற மரியாதை, கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்களில் முக்கியஸ்தரான கணேசமூர்த்தி வீட்டுக்குப் போய்விட்டது. மணிமுத்து வகையறா கூட்டத்துக்குப் பின்னால், தண்ணீர்த்தொட்டிப் பக்கம் நிற்கும்படி ஆனது. எங்கள் ஊர்க்காரர்கள் சோறில்லாமல் நாலு வேளை இருப்பார்கள், முதல் மாலை இல்லாமல் ஒரு கொடை இருக்கமாட்டார்கள். ஆவுடைத்தாய் இலஞ்சிக்கு வாக்கப்பட்டுப் போனவள்தான், ஆனாலும் அந்தக் குறை அவளுக்குத்தான் அதிகம்.

அகிலாவின் அம்மா ஜெயசித்ரா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "மதினி, அது சாமி இல்ல. டிக்ஸு. டாக்டர் சொல்லியிருக்காவ" என்றாள். யார் காதில் விழுந்தது? அதற்குள் ஒருத்தி அகிலா காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டாள். இன்னொருத்தி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளை ஒன்றும் புரியாமல் தன் ஈரக்காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மணிமுத்துவும் ஜெயசித்ராவும் ஐந்தருவி போகிற ரோட்டில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். சீசன் நாலு மாதம் ஓடினால்தான் மிச்ச எட்டு மாதம் அடுப்பெரியும். செங்கோட்டை வழியாக நேந்திரங்காய் லோடு வரும். விடியுமுன்னே தோலுரித்து மஞ்சள் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் சீவுகட்டையைச் சட்டிக்கு மேலேயே பிடித்து, காயை நேராக எண்ணெயிலேயே சீவ வேண்டும். சீவலெல்லாம் மேலே எழும்பி வந்த பிறகு உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஜெயசித்ரா ஒரு சின்னக் கரண்டி அளவு தெளிப்பாள். சட்டி சடசடவென்று சீறும். சீற்றம் அடங்கி, சத்தம் மெலிந்தால் அரித்து எடுக்கிற பதம். குற்றாலத்துக்கு வருகிறவன் அருவியில் குளித்தானோ இல்லையோ, ஈரத் துண்டோடு வந்து சூடாக ஒரு பொட்டலம் வாங்காமல் போகமாட்டான்.

அகிலா ஒரு இடத்தில் இருக்காத பிள்ளை. சேட்டை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முன் பெஞ்சு, பின் பெஞ்சு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு டீச்சர் அவளை வராந்தாவில் உட்கார வைத்தார். பாதி எழுதிய கணக்கு, பாதி தின்ற இட்லி, ஒற்றைச் செருப்பு, இப்படித்தான் வீடு திரும்புவாள். ஜெயசித்ரா அலைந்து திரிந்து கடைசியில் பாளையங்கோட்டையில் டாக்டர் ரெபேக்காளிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மூளையில் கவனத்தைப் பிடித்து நிறுத்துகிற வேலை சரியாக நடக்கவில்லை, பிள்ளை மேலும் தப்பில்லை, வளர்ப்பிலும் தப்பில்லை என்று சொல்லி, தை மாதத்திலிருந்து காலையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், வாழைக்காய்ச் சாக்கு மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள் அகிலா. ஜெயசித்ரா திரும்பி நின்று அழுதாள். வெங்காயம் என்றால் சாக்குச் சொல்லலாம். வாழைக்காய் உரித்து யாருக்குக் கண்ணீர் வந்திருக்கிறது?

ஆனி மாதம் கண் சிமிட்ட ஆரம்பித்தது. பார்வைக் கோளாறாக்கும் என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணில் ஒன்றுமில்லை. கண் நின்றது, தோள் துள்ளியது. பிறகு தொண்டையில் சத்தம். பள்ளிக்கூடத்தில் 'ஹும்மு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறுபடியும் பாளையங்கோட்டை.

"இதுக்கு டிக்ஸ்னு பேரு, ஒடம்பு தன்னால துள்ளுதது. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு மாத்திரை இல்லாமலும் வரும்" என்றார் டாக்டர். "மாத்திரை அதக் கூட்டுதான்னும் பாக்கணும். அதனால அளவக் கொஞ்சம் குறைச்சுத் தாரேன். ஒத்துக்கலன்னா வேற மருந்து இருக்கு. இது கூடும், குறையும், அனேகம் பேருக்கு வளர வளர அடங்கிரும். களைப்பு, பயம், கூட்டம், சந்தோசம் எல்லாத்துலயும் கூடும். அவ வேணும்னு செய்யல. அதையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க, அடக்குன்னு திட்டாதீங்க. ஒண்ணு மட்டும், மாத்திரைய நீங்களா நிப்பாட்டப் பிடாது."

பிறகு அகிலாவைப் பார்த்து, "வாரதுக்கு முன்னால ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் டாக்டர். தும்மல் வரப்போற மாதிரி தோள்ல முட்டிக்கிட்டு நிக்கும்."

"அப்படி முட்டும்போது முழங்கைய விலாவோட சேத்து அமுக்கிக்கோ. மூச்ச மெதுவா விடு. போச்சுன்னா நல்லது. போகலன்னா விட்டுரு, வந்துட்டுப் போகட்டும்."

வந்துட்டுப் போகட்டும் என்ற சொல் ஜெயசித்ராவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடையில் வாடிக்கைக்காரர் யாராவது பிள்ளையை உற்றுப் பார்த்தால், "ஒண்ணுமில்ல, வந்துட்டுப் போவும். காரம் போடவா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

கால்நாட்டு முடிந்த மறுநாள், கையில் சிவப்புப் பட்டுப்பாவாடையோடு ஆவுடைத்தாய் கடைக்கே வந்துவிட்டாள். மழைக்குக் கூட்டம் ஒதுங்கியிருந்த நேரம். மணிமுத்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே மணி, கொடை முடியுத வரைக்கும் புள்ளைக்கு வெரதம். கவுச்சி ஆகாது, வெளிய வாங்கித் திங்கப்பிடாது. அந்த மாத்திரையும் வேண்டாம்."

"அது ஏன் மதினி?" என்றாள் ஜெயசித்ரா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மருந்து கெடக்குத ஒடம்புல சாமி எப்படிட்டி எறங்கும்?"

"மாத்திரையாலதான் தோள் துள்ளுதுன்னு போன மாசம் நீங்கதான சொன்னிய? இப்பம் சாமியால துள்ளுதுங்கிய. மாத்திரையா, சாமியா? ஒண்ணச் சொல்லுங்க."

"வாய் மட்டும் நீளம் ஒனக்கு. எங்கய்யாவுக்கும் முதல்ல தோள்தாம்ட்டி துள்ளும். நான் கண்ணால பாத்தவ. எங்க ரத்தம் அது. நீ வேற வீட்டுப் பொண்ணு, ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒங்க ரத்தம் தெரியாது. என் புள்ளயத் தெரியும். நீங்க சாமின்னு கும்பிட்டிருவிய. நாளைக்கு ஊர்ல எவனெவனோ வந்து அவ கால்ல விழுந்து, காணாமப் போன மாடு எங்கன நிக்குன்னு கேப்பான். பத்து வயசுப் புள்ள என்ன சொல்லுவா? சொன்னது பலிக்கலன்னா அதே வாயாலதான பேயின்னு சொல்லுவான்?"

"அப்படியெல்லாம் சொல்லுவானா? நாக்கு அழுகிப்போவும்."

"முந்தாநாள் வரைக்கும் 'ஹும்மு'ன்னு கூப்ட்ட வீட்டுக்காரங்கதான நேத்து மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. ஒரு நாக்கும் அழுகலையே மதினி."

ஆவுடைத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. பொய்க் கண்ணீர் என்று சொல்ல முடியாது. "ஏலே மணி, நீயாவது சொல்லு. எத்தன கொடைக்கு நாம தொட்டிப் பக்கம் நின்னு எட்டி எட்டிப் பாக்கது? அய்யா இருந்த எடத்துல கணேசமூர்த்தி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கான். பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுதுலே."

மணிமுத்து பொட்டலத்தைக் கீழே வைத்தான். பட்டுப்பாவாடையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தான். அவன் நல்லவன், ஆனால் அக்காள் அழுதால் அவனுக்கு எலும்பு இருக்கிற இடம் தெரியாது.

விடியற்காலையிலேயே ஜெயசித்ரா கடைக்குப் போய்விடுவதால், பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துக் கிளப்பிவிடுவது மணிமுத்துவின் பொறுப்பு. மறுநாள் காலை அவன் கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கொடுக்கவில்லை. கொடை முடியட்டும், அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று அவனே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். ஜெயசித்ரா கேட்கவுமில்லை. புருசன் பொய் சொல்லுவான் என்று நினைத்தால்தானே கேட்க?

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளை கடையில் இருந்தாள். சாக்கைத் தாண்டினாள், பொட்டலத்தைப் பிரித்தாள், ரோட்டில் போன வேனுக்குப் பின்னால் ஓடினாள், இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தால் அடுத்த நொடியில் ஆளைக் காணோம். தோளும் அதுபாட்டுக்குத் துள்ளியது, சொல்லப்போனால் கூடுதலாகவே துள்ளியது. தெருவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் துள்ளாமல் என்ன செய்யும்? ஜெயசித்ரா காய் எடுக்கத் திரும்பிய நேரம். "எம்மா, நான் தெளிக்கேன்" என்று சொல்லிக்கொண்டே உப்புத்தண்ணீர்ச் செம்பை அப்படியே தூக்கிக் கொதிக்கிற எண்ணெயில் கவிழ்த்துவிட்டாள் அகிலா.

எண்ணெய் நுரைத்துப் பொங்கி விளிம்பு தாண்டி வழிந்தது. அடுப்பில் பட்டுத் தீ குப்பென்று எழுந்தது. ஜெயசித்ரா ஒரு கையால் பிள்ளையை ரோட்டுப்பக்கம் வீசி எறிந்தாள், மறுகையால் கேஸை அடைத்தாள். அடைத்த கையில் முழங்கை வரை எண்ணெய் தெறித்துக் கொப்புளித்துவிட்டது. பக்கத்துப் பழக்கடைக்காரர்கள் ஓடிவந்து ஈரச்சாக்கைப் போட்டுத் தீயை அமுக்கினார்கள்.

மணிமுத்து ரோட்டுப்பக்கமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஜெயசித்ரா கையைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மாத்திர குடுத்தேளா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"என்னைக்கி இருந்து குடுக்கல?"

"அக்கா வந்துட்டுப் போனதுல இருந்து" என்றான். "கொடை முடியுத வரைக்குந்தான சித்ரா..."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னேளா? அந்த எண்ண அவ மூஞ்சில அடிச்சிருந்தா? ஒங்கக்கா கேட்டா பட்டுப்பாவாட குடுப்பா. மொகம் குடுப்பாளா?" அவள் குரல் ரோட்டின் அந்தப் பக்கம் வரை கேட்டது. "இசக்கிய நானும்தான் கும்புடுதேன். புள்ளையக் காப்பாத்துன்னுதான் கும்புடுதேன். அந்த இசக்கிக்கு என் புள்ள மாத்திரைய நிப்பாட்டித்தான் ஆடணும்னா, எங்கிட்ட நேர்ல வந்து கேக்கச் சொல்லுங்க. நான் பதில் சொல்லுதேன்."

கையில் மருந்து போட்டுக்கொண்டு அங்கிருந்தே டாக்டருக்குப் போன் அடித்தாள். மறுநாள் காலையிலிருந்து குறைத்த அளவையே கொடுங்கள், அடுத்த வாரம் கூட்டி வாருங்கள் என்று சொன்னார்கள். டாக்டர் மணிமுத்துவிடமும் பேசினார். என்ன சொன்னாரோ, அவன் "சரிங்க, சரிங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்தபின் அகிலா அம்மாவின் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணும்னு ஊத்தலம்மா."

"தெரியும் மக்கா."

"எனக்கு நெசமாவே சாமி வந்தா என்னம்மா?" என்று கேட்டாள். "ஸ்கூல்ல எல்லாரும் சிரிக்காங்க. இங்கன எல்லாரும் கும்பிடுதாங்க. கும்பிட்டா நல்லாத்தான இருக்கு?"

ஜெயசித்ராவுக்கு இந்தக் கேள்விதான் எண்ணெயைவிடச் சுட்டது. மதினியிடம் மல்லுக்கு நிற்கலாம், புருசனைச் சத்தம் போடலாம். சிரிப்புக்குப் பதிலாகக் கும்பிடு கிடைத்த பிள்ளையிடம் என்னவென்று சொல்வது?

"நல்லாத்தான் இருக்கும்" என்றாள் கடைசியில். "ஆனா கும்பிட்டாலும் சிரிச்சாலும் ரெண்டு கூட்டமும் ஒந்தோளத்தான் பாக்கு. ஒன்னைய ஒருத்தரும் பாக்கல. ஒனக்கு எது வேணும்னு நீயே யோசிச்சுச் சொல்லு. கொடைக்கு வாறியா, வீட்ல இருக்கியா?"

"வாரேன்" என்றாள் அகிலா உடனே. "மேளம் கேக்கணும்."

கொடையன்றைக்கு மதியம் சாரல் விட்டு வெயில் எட்டிப்பார்த்தது. மலையில் மேகம் பாதி இறங்கி நின்றது. வரிசையாகப் பொங்கல் பானைகள், புகை, பிச்சிப்பூ வாசம், மைக் செட்டில் யாருடைய பைக்கையோ எடுக்கச் சொல்லிச் சத்தம். ஒளிந்து நிற்க வேண்டிய அவசியம் என்ன என்று ஜெயசித்ரா பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நேராக முன்னால் வந்து நின்றாள். அகிலா மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். பட்டுப்பாவாடை பெட்டியிலேயே கிடந்தது. மணிமுத்து பின்னாலேயே வந்தான், ஆவுடைத்தாயின் கண்ணைப் பார்க்காமல்.

மதியக்கொடை மேளம் ஏறியது. ஆறுமுகநயினார் பம்பையை வளைத்து வளைத்து அடிக்க, நாதஸ்வரம் கூடச் சேர்ந்தது. அந்த மேளத்துக்கு மரக்கட்டையும் கால் தூக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். அகிலா முழங்கையை விலாவோடு அமுக்கிக்கொண்டாள். மூச்சை மெதுவாக விட்டாள். ஒரு தடவை போனது. அடுத்த தடவை போகவில்லை. தோள் துள்ளியது, கழுத்து வெட்டியது, "ஹும்", "ஹும்". பெண்கள் குலவையிட்டார்கள். ஆவுடைத்தாய் ஓடிவந்து ஒரு பிச்சிமாலையைப் பிள்ளை கழுத்தில் போட்டுவிட்டாள். கூட்டம் வட்டம் கட்டியது. மேளம் நின்றது, சாமி பேசப்போகிறது என்று.

முத்துராமலிங்கம் தாத்தா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவருடைய மகன் துபாய்க்குப் போனவன், போனே பேசுவதில்லை. "தாயீ, எம்மவன் எப்பம் வருவான்? ஒரு வாக்குச் சொல்லு தாயீ" என்று மண்ணில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டார்.

ஜெயசித்ரா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். யோசிச்சுச் சொல்லு என்று பிள்ளையிடம் அவள்தானே சொல்லியிருந்தாள்?

அகிலா ஒரு அடி பின்னால் போனாள். குனிந்து கிழவரின் தோளைத் தொட்டாள்.

"தாத்தா, எந்திரிங்க. எனக்குத் தெரியாது. இது சாமி இல்ல தாத்தா, டிக்ஸு. ஸ்கூல்ல வருது, பஸ்ல வருது, கக்கூஸ்லயும் வருது. சாமி கக்கூஸ்லயா வரும்?"

எங்கோ ஒரு இளவட்டம் 'கெக்' என்று சிரித்து அடக்கியது. முத்துராமலிங்கம் தாத்தா எழுந்து உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"மாமா பேசாட்டா என்ன, நீங்க போன் பண்ணுங்க தாத்தா" என்றாள் அகிலா. "எங்கப்பா செல்லுல இருந்து கூப்பிடலாம்."

அவள் மாலையைக் கழற்றி அத்தை கையில் கொடுத்தாள். ஆவுடைத்தாய்க்கு அதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை, ஆனால் கை வாங்கிக்கொண்டது. கணேசமூர்த்திக்குச் சந்தோசத்தை மறைக்க முடியவில்லை. முதல் மாலை தப்பித்ததே!

"நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றார். "சாமி இல்லன்னா ஆடுத எடத்துல என்ன சோலி? சுகமில்லாத புள்ளய அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயி ஒக்கார வைங்க. தொட்டிப் பக்கம் நெழல் கெடக்கு."

ஜெயசித்ராவின் முகம் சிவந்தது. அவள் பேசுவதற்குள் அகிலா திரும்பிவிட்டாள்.

"ஏன் போகணும்? சாமி வரலன்னா ஆடப்பிடாதா?"

கணேசமூர்த்தி பூசாரியைப் பார்த்தார். பூசாரி பொங்கல் பானையைப் பார்த்தார்.

"ஆடலாம் மக்கா" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மணிமுத்து. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். அக்காளை அப்போதுதான் நேராகப் பார்த்தான். "எம்மவ ஆடணும்னு கேக்கா, ஆடட்டும். அண்ணாச்சி, நீங்க அடிங்க."

ஆறுமுகநயினார் கணேசமூர்த்தியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு பம்பையை இறுக்கி இடுப்பில் தூக்கிவிட்டுக்கொண்டு ஓங்கி அடித்தார்.

அகிலா ஆடினாள். செல்போனில் பார்த்த ஆட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பின்வரிசையில் நிறுத்தி வைத்த ஆட்டம், அவளாகப் போட்ட ஆட்டம் எல்லாம் கலந்து ஆடினாள். நடுநடுவே தோள் துள்ளியது, தொண்டை சத்தம் போட்டது. அவள் முழங்கையை அமுக்கவுமில்லை, நிற்கவுமில்லை. அது வந்துகொண்டிருந்தது, அவள் ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு வாண்டுகள் வட்டத்துக்குள் குதித்து அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒன்று 'ஹும்மு' என்று பேர் வைத்த பயல்.

ஜெயசித்ரா கட்டுப்போட்ட கையை உயர்த்தி வாயருகே கொண்டுபோய் ஒரு குலவை போட்டாள். கோயில் அரசமரத்துக் காக்கையெல்லாம் எழுந்து பறந்தது.

"ஏம்மா, இதென்ன பழக்கம்?" கணேசமூர்த்தி கத்தினார். "கொலவ சாமிக்கு மட்டுந்தான் போடணும்!"

"தெரியும் அண்ணாச்சி" என்றாள் ஜெயசித்ரா. "இது எம்மவளுக்கு."

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குலவையிட்டாள்.